முகப்பருவும் மருந்துக் கடைக் களிம்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். கடந்த கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடியபடியே வகுப்பில் உட்காரத் தொடங்கினாள். தனியே அழைத்துக் கேட்டபோது, பருவுக்காக மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கிய களிம்பை நான்கு மாதம் பூசியதாகவும், முதல் வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆனதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்றும், நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து எரிந்து முன்னைவிடப் பரு மிகுந்துவிட்டது என்றும் சொன்னாள். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசியிருக்கிறாள். அவள் கொண்டுவந்து காட்டிய ட்யூபில் ஸ்டீராய்டு மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது.

ஸ்டீராய்டு பருவைக் குணப்படுத்துவதில்லை. சிவப்பையும் வீக்கத்தையும் சிறிது காலம் அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பெண் பிள்ளைகளின் முகத்தில் முடி வளர்ந்து, ஸ்டீராய்டினாலேயே புதிய பருக்களும் கிளம்புகின்றன. பெட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், குளோபெட்டசால் ஆகிய பெயர்களில் ஒன்று ட்யூபில் இருந்தால் பெற்றோர் அதைப் பருவுக்கோ சிவப்பழகுக்கோ பூச விடக்கூடாது. ஆனால் மாதக்கணக்கில் பூசிவிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் காட்டி நிறுத்துவதே நல்லது. 2018-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவித்தது.

பரு வருவதற்கு எங்கள் ஊரில் முதலில் பழி சுமப்பது மாம்பழம். மாந்தோப்புகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு மாம்பழத்தைக் குற்றம் சொல்வது எங்களுக்கே உரிய வேடிக்கை. மாங்காய் இல்லாத கார்த்திகையிலும் என் வகுப்பில் பரு குறைவதில்லை. வளரிளம் பருவத்தில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் சுரப்பு கூடும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன. உதிரும் செல்களும் எண்ணெயும் சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைக்கின்றன. அங்கு இயல்பாகவே வாழும் பாக்டீரியா பெருகி வீக்கம் உண்டாகிறது. இந்த அடைப்பின் மேற்பகுதி நிறம் மாறுவதையே கரும்புள்ளி என்கிறோம். அது அழுக்கு அன்று என்பதால், நாளுக்கு ஆறு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் அப்படியே. தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்துச் சடை பின்னும் பிள்ளைகளுக்கு நெற்றியோரத்தில் பரு கூடுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வைத்து வரச் சொல்லும் பள்ளிகள், எங்கள் பள்ளி உட்பட, இதை யோசிக்க வேண்டும்.

பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகள் லேசான, நடுத்தரப் பருவுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். தொடக்கத்தில் தோல் சற்றுக் காய்ந்து உரியவும் செய்யும். அதுவரை காத்திருக்க முடியாத பொறுமையின்மையைத்தான் ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் களிம்பு காசாக்குகிறது. ஆழமான கட்டிகளும் தழும்பும் உள்ளவர்களுக்கு மாத்திரைகள் உண்டு. அவற்றில் ஐசோட்ரெட்டினாயின் கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்கத் தக்கது. மாதவிலக்கு ஒழுங்கின்மையோடு பருவும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரிக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தருமபுரியில் அதற்கு முன்பிருந்தே உள்ளது. அங்கெல்லாம் தோல் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது என் மாணவியின் பெற்றோருக்குத் தெரியாது. பருவுக்கெல்லாமா பெரிய ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். பள்ளிகளுக்கு வரும் சிறார் மருத்துவப் பரிசோதனைக் குழுவினர் கண்ணையும் பல்லையும் பார்ப்பதோடு முகத்தில் என்ன பூசுகிறாய் என்றும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் சிற்றூர்க் கடைகளிலும் இக்களிம்புகளின் விற்பனைப் பதிவைச் சோதிக்க வேண்டும். அந்த மாணவி இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். சிவப்பு இன்னும் முழுதாக மறையவில்லை.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
காவேரிப்பட்டணம்.