வீட்டு ஓசோன் கருவி: பணத்தைத் திருப்பித் தரவும், கையேட்டின் 11-ஆம் பக்கத்தை நீக்கவும் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: காது, சைனஸ் சிகிச்சைக்கு என்று விற்ற ஓசோன் கருவி பழுது, தவறான கையேடு, சேவை மையத்தில் நடந்த அவமரியாதை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அக்டோபரில் ரூ.14,800 செலுத்தி, மின்பொறியால் ஓசோன் வாயுவை உண்டாக்கிக் காதுக்கும் மூக்குக்கும் அனுப்பும் உங்கள் ஓசோன் கருவியை வாங்கினோம். இன்று வரை நான்கு புகார் எண்கள், இரண்டு கூரியர், கோயம்புத்தூருக்கு ஒரு முழு நாள் அலைச்சல், கணக்கில்லாத போன்கால்கள். எதற்கும் எழுத்தில் ஒரு வரி பதில் இல்லை. நிதானமாகவே எழுத முயல்கிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

கருவி வந்த ஒன்பதாம் நாள், காதுக்குப் போகும் குழாய் வளைவில் வெடித்தது. கையில் எடுத்துப் பார்த்தால், வளைந்த இடத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும் குறுக்காக, நகத்தால் கீறியது போல வரிசையாக வெடிப்புகள். நேராகக் கிடந்த பகுதியில் ஒன்று கூட இல்லை. இயற்கை ரப்பரை ஓசோன் தின்பது இப்படித்தான். இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் முதலில் கடிக்கும். சிலிக்கோன் குழாய் தாங்கும், டெஃப்லான் தாங்கும், கண்ணாடி தாங்கும், ரப்பர் தாங்காது. இது உங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நம்பினேன். ஆனால் மாற்றுக் குழாய் என்று கூரியரில் வந்ததும் அதே கறுப்பு ரப்பர். காதில் வைக்கும் குமிழும் ரப்பர். மூன்றாம் வாரம் அதுவும் பிசுபிசுத்துப் போனது. காதுக்குள் உட்காரும் பொருள் அப்படிப் பிசுபிசுக்கலாமா?

அடுத்தது தண்ணீர். காதுக்குப் போகும் ஓசோன் உலர்வாகப் போனால் தோல் எரியும் என்பதால், சிறு கண்ணாடிக் குடுவைத் தண்ணீருக்குள் குமிழியாக விட்டு ஈரப்படுத்தி அனுப்ப வேண்டும். குடுவையைக் கொடுத்தீர்கள், சரி. ஆனால் குடுவைக்கும் கருவிக்கும் நடுவில் ஒருவழி வால்வு இல்லை. பம்ப் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து தண்ணீர் பின்னோக்கி ஏறும். குடுவை கருவியை விட மேலே இருந்தால் தானாகவே வழிந்து உள்ளே போகும். கருவியை மேலே, குடுவையைக் கீழே வைக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி கூட இல்லை. படத்தில் இரண்டும் ஒரே மேஜையில், குடுவை ஒரு புத்தகத்தின் மேல். படத்தைப் பார்த்துத்தான் வைத்தோம். பன்னிரண்டாம் நாள் தண்ணீர், ஓசோன் உண்டாகும் மின்பொறிக் குழாய்க்குள் போய் 'டப்' என்று ஒரு சத்தம், ஃபியூஸ் போனது. உயர் மின்னழுத்தம் ஓடும் கருவிக்குள் தண்ணீர் போக வழி வைத்துவிட்டு, உங்கள் ஏஜென்ட் போனில் சொன்ன தீர்வு: "மீன் தொட்டிக் கடையில ஒரு வால்வு வாங்கிப் போட்டுக்கோங்க மேடம்." மீன் தொட்டி வால்வுகளில் பெரும்பாலும் உள்ளே ஒரு ரப்பர் தட்டு இருக்கும். மேலே ரப்பர் குழாய்க்குச் சொன்ன அதே கதை அதற்கும் நேரும்.

கருவி நின்று போவதற்கு வோல்டேஜ் பிரச்சினை என்றும் சொன்னீர்கள். ஸ்டெபிலைசர் வழியாகத்தான் ஓட்டினோம், மீட்டர் 228 காட்டியது.

உண்மையான பிரச்சினை காற்று. உங்கள் கருவி ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்து எடுப்பதில்லை, அறையின் காற்றையே இழுக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். மின்பொறியில் அது நைட்ரஜன் ஆக்சைடாகும், ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலமாகும். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் அடித்து ஊற்றும். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். நீங்கள் கொடுத்த நீல சிலிக்கா ஜெல் பொட்டலம் காலையில் போட்டால் மாலைக்குள் வெளிறி ரோஸ் நிறமாகிவிடுகிறது. அதை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் திரும்ப நீலமாகும் என்பதைக் கூட நாங்களே தெரிந்து செய்தோம். அப்படியும் வாயு வெளியே வரும் பித்தளை முனையில் பச்சையாகப் பொருக்கு கட்டியது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "துடைச்சுட்டு யூஸ் பண்ணுங்க" என்று பதில் வந்தது. பித்தளையை அரிக்கும் அமிலம் காதுக்குப் போகும் பாதையில் இருக்கிறது என்று படம் காட்டினால், துடைக்கச் சொல்கிறார்கள்!

மருத்துவத்துக்கு என்று சொல்லும் ஓசோனை மருத்துவ ஆக்சிஜனில் இருந்துதான் உண்டாக்குவார்கள். உங்கள் கையேட்டின் 7-ஆம் பக்கம், காதுக்கு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் என்கிறது. கருவியின் பின்பக்கத் தகட்டில் மணிக்கு 400 மில்லிகிராம், பம்ப் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கணக்கு நீங்களே போடுங்கள்: மணிக்கு 120 லிட்டர், 400-ஐ 120-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 3.3 மில்லிகிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 3.3 மைக்ரோகிராம். ஆக்சிஜனை நிமிடத்துக்குக் கால் லிட்டர் வீதம் மெதுவாக விட்டால்தான் இதே 400 மில்லிகிராம், மில்லிலிட்டருக்குச் சுமார் 27 மைக்ரோகிராம் வரும். ஆக, வேறு ஏதோ கருவியின் கையேட்டைப் பார்த்து 7-ஆம் பக்கத்தை எழுதியிருக்கிறீர்கள். காதுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்பது முரட்டு வேகம். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர், காதில் சீழ் வடிபவர், காதுக்குள் டியூப் வைத்தவர் இதைத் தொடவே கூடாது, முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற எச்சரிக்கை எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லிப் பயனில்லை என்றுதான் நேரில் வரச் சொன்னீர்கள். இல்லை, தவறாக எழுதிவிட்டேன். முதலில் டெக்னீஷியனை அனுப்புவதாகச் சொன்னீர்கள். மூன்று தேதி கொடுத்து மூன்றும் தவறியது. மூன்றாம் முறை சொன்ன காரணம், நீலகிரிக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை என்பது. இ-பாஸ் வெளி மாவட்ட வாகனத்துக்கு. அரசுப் பேருந்தில் ஏறி வரும் மனிதருக்கு எந்தப் பாஸும் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்குப் பஸ் இல்லாத நாள் உண்டா?

அதனால் கருவியைப் பையில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினேன். அரவேணு, குஞ்சப்பணை, மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர். போக மட்டும் 70 கிலோமீட்டர். 10 மணிக்கு உங்கள் சேவை மையத்தில் இருந்தேன். டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒன்றரைக்கு "லஞ்ச்". மூன்று மணிக்கு ஒருவர் வந்தார். கருவியை மேஜையில் வைத்து, பிளக்கைச் செருகி, வாயு வரும் முனையில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, "நல்லாத்தானே வருது" என்றார்.

அதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. மோந்து பார்த்து ஓசோனைச் சோதிக்கக் கூடாது, பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாளை நனைத்துக் காட்டினால் நீலமாகும் என்று சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "என்னம்மா, கிளாஸ் எடுக்க வந்தீங்களா? மலையில இருக்கறவங்களுக்கெல்லாம் இந்த மெஷின் செட் ஆகாது. விக்கும்போது நாங்க ஊர் கேட்டுட்டா விக்க முடியும்?" குழாய் வெடிப்பைக் காட்டினேன். "குக்கர் கேஸ்கட் மாதிரிதான், ரப்பர்னா போகத்தான் செய்யும்" என்று குழாயை என் பக்கம் தள்ளிவிட்டார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரின் உலர்ந்த காற்றில் ஓடுகிற கருவி, மலை ஏறி மூன்றாம் நாள் மறுபடி வெறும் 'உம்' சத்தத்தோடு நின்றது. அவர் பெயரை நான் கேட்டும் சொல்லவில்லை. பில்லில் கையெழுத்து இருக்கிறது, யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே, என்னைத் தூங்க விடாதது 11-ஆம் பக்கம். சைனஸுக்கு: 50 மில்லி ஆலிவ் எண்ணெயில் ஓசோனைக் குமிழியாக விட்டு, மாஸ்க் போட்டு, 10 நிமிடம் மூக்கால் ஆழமாக இழுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓசோனை மூச்சில் இழுக்கவே கூடாது. ஓசோன் சிகிச்சையை ஆதரிக்கும் மருத்துவர்களின் 2010 மாட்ரிட் பிரகடனமே சுவாச வழியைத் தடை செய்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓசோனை நச்சு வாயு என்று வரையறுத்து, கருவிகள் வெளியிடும் அளவுக்கு 0.05 பி.பி.எம். (பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வரம்பு வைத்திருக்கிறது. வேலை இடங்களுக்கு 8 மணி நேர வரம்பு அங்கே 0.1. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு 5. உங்கள் தகட்டுக் கணக்கில் முனையில் வருவது 1,600 பி.பி.எம்.-க்கு மேல். ஈரக் காற்றில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 160.

"எண்ணெய் எல்லாத்தையும் உறிஞ்சிடும்" என்றார் உங்கள் போன் ஏஜென்ட். எண்ணெயோடு ஓசோன் சேரும், உண்மை. ஆனால் நிமிடத்துக்கு 2 லிட்டர் வேகத்தில் மூன்று விரல் உயர எண்ணெய்க்குள் ஒரு குமிழி எத்தனை நேரம் நிற்கும்? மார்கழிக் குளிரில் இங்கே ஆலிவ் எண்ணெய் கெட்டிப்பட்டுக் கலங்கும். குமிழி பெரிது பெரிதாக வந்து நேராக மேலே வெடிக்கும், பெரிய குமிழியின் நடுவில் இருக்கும் வாயு எண்ணெயைத் தொடுவதே இல்லை. சேர்ந்த ஓசோன் உண்டாக்கும் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்களும் மூக்கை எரிப்பவைதான்.

மிச்ச வாயு அறையிலேயே நிற்கும். குளிருக்கு ஜன்னல் சாத்திய 10-க்கு 10 அறை, 9 அடி உயரம் என்றால் சுமார் 25 கன மீட்டர். தகட்டுக் கணக்கில் 10 நிமிடத்தில் வரும் 67 மில்லிகிராம் ஓசோனும் அதில் கலந்தால் 1.3 பி.பி.எம்., வேலை இட வரம்பைப் போல் 13 மடங்கு. அந்த அறையில் ஆஸ்துமா உள்ள குழந்தை படுத்திருந்தால்? முதலில் வாசனை தெரியும், பிறகு மூக்கு பழகிவிடும், வாயு அப்படியே இருக்கும். வெளியேறும் ஓசோனைச் சிதைக்க மாங்கனீஸ் டை ஆக்சைடு வடிகட்டி ஒன்றாவது வைத்தீர்களா? வீட்டில் நாங்கள் 11-ஆம் பக்கத்தைச் செய்யவில்லை. இந்தக் கருவியை வாங்கிய மற்றவர்கள் செய்துகொண்டிருப்பார்களே என்பதுதான் என் பயம்.

பெட்டியின் மேல் "காது கேளாமை குணமாகும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் காது கேளாமை இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 2017 மருத்துவ சாதன விதிகளின்படி உரிம எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் தேடினேன், கிடைக்கவில்லை. இருந்தால் தெரிவியுங்கள், மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்கிறேன்.

பணம், பஸ், கூரியர், மூன்று மாத மன உளைச்சல், கடையில் பட்ட அவமானம் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத நஷ்டம். சண்டை வளர்க்க எனக்கு ஆசையில்லை. 14,800 ரூபாயையும் கூரியர், பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். 11-ஆம் பக்கத்தை நீக்கியதாக, கருவி வாங்கிய அனைவருக்கும் எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். குழாயையும் காதுக் குமிழையும் சிலிக்கோனுக்கு மாற்றுங்கள், ஒருவழி வால்வு வையுங்கள். இதைக் கேட்பது என் ஒருத்திக்காக மட்டும் இல்லை.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவாகும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள்தான் மலையேறி வர வேண்டியிருக்கும். விளம்பரம் குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுவேன். அந்த நிலைக்குப் போகாமல் முடித்துத் தருவீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்

பி.கு.: கருவியைத் திருப்பி அனுப்பத் தயார். வெடித்த இரண்டு குழாய்களும் பச்சை பிடித்த பித்தளை முனையும் என்னிடமே இருக்கும். அவற்றைக் கூரியரில் அனுப்பச் சொல்லி யாரும் போன் செய்ய வேண்டாம்.