யாருடைய ஐந்து நிமிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்கள் நடக்க எவ்வளவு உகந்தவை என்று மதிப்பெண் போடுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் நடப்பவருக்கு என்ன வயது என்ற கேள்வி மட்டும் அதில் எங்குமே வரவில்லை. எனக்கு வயது 74. வேலை பார்த்த காலமெல்லாம் நில அளவைதான். ஓர் அளவு இடித்தால் எங்கே தப்பியது என்று தேடாமல் இருக்க முடியாது, பழக்கதோஷம்.

கட்டுரை மெச்சிய வாக் ஸ்கோரையே எடுத்துக்கொள்கிறேன். 2007இல் அமெரிக்காவில் தொடங்கியது. கடை, பள்ளி, பூங்கா எல்லாம் ஓர் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். ஐந்து நிமிட நடைக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் இருந்தால் அதற்கு முழு மதிப்பெண். சரி, அந்த ஐந்து நிமிடம் யாருடையது? நொடிக்கு 1.33 மீட்டர் போகிறவருடையது. இங்கிலாந்தில் 65 வயதும் அதற்கு மேலுமான மூவாயிரத்துச் சொச்சம் பேரின் நடைவேகத்தை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஆண்களின் சராசரி நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8. அந்த 0.8இல் போனால் அதே 400 மீட்டருக்கு எட்டு நிமிடம் இருபது நொடி ஆகும். அதுவும் எங்கும் நிற்காமல் போனால்.

சிக்னலில் இது உயிர் விஷயம். இங்கிலாந்தில் அப்போது பாதசாரி விளக்குக்கு நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்த வேகத்தை எட்டாதவர்கள் ஆண்களில் 76 சதவீதம், பெண்களில் 85 சதவீதம் என்றது அதே ஆய்வு. 18 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு இந்தக் கணக்கில் 15 நொடி கிடைக்கும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பெண்மணி அதற்குள் 12 மீட்டர்தான் வந்திருப்பார். மீதி ஆறு மீட்டர் வண்டிக்காரர்களின் தயவு. நானே இரண்டு தடவை அப்படி நடுவில் மாட்டியிருக்கிறேன். ஹார்ன் அடித்தால் கால் வேகமெடுக்காது, பின்னத்தான் செய்யும்.

அமெரிக்கா 2009இல் இந்தக் கணக்கை நொடிக்கு மூன்றரை அடியாகக் குறைத்தது, கிட்டத்தட்ட 1.07 மீட்டர். சிங்கப்பூரில் முதியவர் தம் அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு இன்னும் சில நொடி நீடிக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்கிறது, மற்றவர்கள் முணுமுணுக்கவும் இடமில்லை.

அடுத்தது சராசரி என்னும் பொல்லாப்பு. ஒரு கிலோமீட்டர் நடைபாதையில் 990 மீட்டர் பளிங்கு மாதிரி இருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும் என்று வையுங்கள். சராசரி பார்த்தால் 99 மதிப்பெண். கைத்தடி ஊன்றுபவருக்கோ அது பூஜ்யம், ஏனென்றால் அவர் அந்த இடத்தோடு திரும்பிவிடுவார். முதியோருக்கான அளவுகோல் பாதையின் மிக மோசமான இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

உட்கார இடமும் கழிப்பறையும் பல மதிப்பெண் பட்டியல்களில் கிடையாது. பாதசாரிகள் நடமாடும் இடங்களில் 50 மீட்டருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்கிறது பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல். இளைஞர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர் வெளியே கிளம்பும்போது முதலில் யோசிப்பது தூரத்தை அல்ல, வழியில் கழிப்பறை இருக்கிறதா என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு இணக்கமான நகரங்களுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டுத் தயாரித்தது. அதில் இருக்கை, கழிப்பறை, நடைபாதை எல்லாம் இடம்பிடித்ததற்குக் காரணம் அப்படிக் கேட்டதுதான்.

இன்னொன்று, எனக்கு மிகவும் உறுத்துவது. ஒரு தெருவில் முதியோர் விபத்தில் சிக்குவது குறைந்தால் தெரு பாதுகாப்பானது என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருக்கலாமே! தெருவில் நின்று தலை எண்ணினால் வீட்டுக்குள் இருப்பவர் கணக்கில் வரமாட்டார். அவர் ஏன் வரவில்லை என்று கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் வரைபடத்தை வைத்துவிட்டு, எழுபது தாண்டிய ஒருவரோடு வீட்டுவாசலிலிருந்து மருந்துக்கடை வரை ஒருமுறை போய் வரட்டும். நான் வரத் தயார். டேப் என்னிடமே இருக்கிறது. போகவர நேரம் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கச் சொல்லுங்கள், வழியில் இரண்டு இடத்திலாவது உட்கார வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்