துண்டு தோளிலா, இடுப்பிலா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று எதையோ வாங்கி பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். நானும் தெரியாத மாதிரியே இருக்கிறேன். மெட்ரோ வேலையால் அயனாவரத்தில் ரோடு இன்னும் குண்டும் குழியுமாகத்தான் கிடக்கிறது.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "சர்ச்சில் எப்போது பார்த்தாலும் தாழ்மை தாழ்மை என்கிறார்கள். டீம் லீட் ஆன பிறகு அதெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா. இங்கே இறங்கிப்போனால் ஏறி மிதிப்பார்கள்" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்திருப்பாய். கடிதமென்றால் நடுவில் வைக்க முடியாது அல்லவா!

நீ சொன்னதில் பாதி சரி. இறங்கிப்போகிறவனை மிதிக்கிற உலகம்தான் இது. அதை நம் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவரைக்கும் தோளில் துண்டு போட்டதில்லை. மிராசுதார் தெருவில் வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து ஒதுங்கி நிற்க வேண்டும். பட்டணத்துக்கு வந்து பெரம்பூரில் மில் வேலையில் சேர்ந்த பிறகுதான் துண்டு தோளுக்கு ஏறியது. அதன் பிறகு வீட்டுக்குள் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. பாட்டி கேலி செய்வார்கள். தாத்தா சிரிக்கக்கூட மாட்டார்.

இதைத் தெரிந்துகொண்டு, இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-ம் அதிகாரத்தைப் படித்துப் பார். "போஜனத்தை விட்டெழுந்து, வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு..." இடுப்பில் துண்டைக் கட்டுவது என்றால் என்ன என்று நம் ஊர் ஜனங்களுக்கு யாராவது விளக்க வேண்டுமா? தாத்தா காலத்தில் யார் அப்படி நின்றார்களோ, அவர்களுடைய இடத்தில் ஆண்டவர் போய் நிற்கிறார்.

ஆனால் முந்தின வசனத்தை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதை அறிந்து, தாம் எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்பதையும் அறிந்து, அதற்கப்புறம்தான் அவர் எழுந்திருக்கிறார். கையில் ஒன்றும் இல்லாததால் குனியவில்லை, எல்லாம் கையில் இருந்தபோது குனிந்தார். கழுவி முடித்துவிட்டு, "ஐயோ, நான் ஒன்றுமில்லாதவன்" என்றும் சொல்லவில்லை. "நீங்கள் என்னைப் போதகரென்றும், ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், நீங்கள் சொல்லுகிறது சரியே, நான் அவர்தான்" என்கிறார்.

தாத்தாவின் துண்டை மிராசுதார் இறக்க வைத்தார். அதற்குப் பெயர் தாழ்மை இல்லை, அக்கிரமம். ஏற்கெனவே குனிந்து நிற்கிறவனிடம் போய் "தாழ்மையாய் இரு" என்று பிரசங்கம் பண்ணுவது, என்னைக் கேட்டால், பாவம். அந்தப் பிரசங்கம் யார் தோளில் துண்டு இருக்கிறதோ அவர்களுக்குத்தான். இப்போது உன் தோளில் இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ ஜூனியராக இருந்த காலத்தில் உன் மேனேஜர் உன்னை ராத்திரி ஒரு மணிவரை உட்கார வைத்தபோது நான் "பொறுத்துப் போ" என்றேனா? "எழுந்து பேசு" என்றுதான் சொன்னேன்.

அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் ஆண்டவரை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நேராகக் கேட்கிறார். கால் கழுவின அதே ராத்திரியில்தான் இதுவும் நடந்தது. நியாயம் கேட்பது தாழ்மைக்கு விரோதம் என்று உனக்கு யார் சொன்னாலும் யோவான் 18-ஐக் காட்டு.

சரி, வார்டுக்கு வருகிறேன். நர்ஸ் வேலையில் நான் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். அவர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது வராந்தாவிலேயே செருப்புச் சத்தத்தை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவோம். சிலர் வந்தால் வார்டே நடுங்கும். நடுங்கி என்ன பயன்? ஊசி மாறிப்போனால் மறைத்துவிடுவார்கள், சார்ட்டில் விட்டுப்போனதைப் பிறகு எழுதிச் சேர்ப்பார்கள். பயத்தினால் வருகிற கீழ்ப்படிதல் அந்த மட்டில்தான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த சர்ஜன் ஒருவர் இருந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் அது. அந்தக் கல்லூரியின் குறிக்கோள் வாக்கியமே மாற்கு 10:45-லிருந்து எடுத்ததுதான்: ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய. கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் சர்க்கரைப் புண்ணோடு வந்து சேர்ந்திருந்தார். பாதத்தில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நாள்கணக்கில் நடந்திருக்கிறார். உணர்ச்சி செத்த காலுக்கு வலி தெரியாது. கட்டு புண்ணோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. எங்களில் ஒருத்தி இழுக்கப் போனாள். டாக்டர் அவளை நிறுத்திவிட்டு, குட்டை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். சலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊறவிட்டு, காஸ் துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். வாடை தாங்க முடியாது. அந்த மனுஷன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். "வேணாம் சார், நீங்க போய் இதைத் தொட்டுக்கிட்டு..." என்றார். எனக்குப் பேதுருவின் ஞாபகம்தான் வந்தது: "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது."

அந்த டாக்டர் சாது என்று நினைத்துவிடாதே. டிஸ்சார்ஜ் சீட்டில் எம்.சி.ஆர். செருப்பு (உணர்ச்சி செத்த காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) என்று எழுத விட்டுப்போனால் போதும், "வெறுங்காலோடு அனுப்பினால் அடுத்த மாதம் இதே காலை வெட்டணும், யார் பொறுப்பு?" என்று ஹவுஸ் சர்ஜனை நிற்க வைத்துக் கேட்பார். ஆனால் அவரிடம் மட்டும் யாரும் எதையும் மறைத்ததில்லை. தப்பு நடந்தால் முதலில் அவரிடம்தான் ஓடுவோம். ஒரு வார்டு முழுக்க உண்மையைச் சொல்கிறது என்றால், அதைவிட ஒரு மேலதிகாரிக்கு வேறு என்ன அதிகாரம் வேண்டும் தம்பி?

அடுத்த முறை ஊருக்கு வரும்போது உன்னைச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன். உள்ளே புனித மேரி ஆலயம் இருக்கிறதே, 1680-ல் கட்டியது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைத்துக் கனமாகக் கூரை போட்டிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்தது அங்கேதான். பீரங்கியும் ஜெபமும் ஒரே மதிலுக்குள் இருந்த இடம். எனக்கு அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனால் அதே ஆலயத்துக்குள் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வைத்த நினைவுச் சின்னமும் இருக்கிறது.

அவர் ஜெர்மனியிலிருந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழ் படித்தார், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, சொத்தும் கிடையாது. 1779-ல் ஹைதர் அலியிடம் தூது போக ஆள் தேவைப்பட்டது. கம்பெனிக்காரர்கள் பேச்சில் ஹைதருக்கு நம்பிக்கை இல்லை. "அந்தப் பாதிரியை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார்" என்று சொன்னதாகச் சொல்வார்கள். சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். பிற்பாடு யுத்தத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். ராஜாவும் கம்பெனியும் காசு தருவதாகச் சொல்லியும் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் நெல்லை அசைக்கவில்லை; இரண்டு பேரிடமும் ஏமாந்தவர்கள் அவர்கள். சுவார்ட்ஸ் "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று எழுதி அனுப்பினார். மாடும் வந்தது, நெல்லும் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களால் கொண்டுவர முடியாத நெல் அது. 1787-ல் துளஜா ராஜா சாகும்போது தத்துப்பிள்ளை சரபோஜியை அவர் கையில்தான் ஒப்படைத்தார். அவர் செய்த எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஏழைப் பாதிரியின் வார்த்தைக்கு இருந்த எடையைச் சொல்கிறேன்.

உங்கள் ஆபீசிலும் 'சர்வன்ட் லீடர்ஷிப்' என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள் என்றாயே. நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: பணிந்தால் வேலை நன்றாக நடக்கும், ஆகவே பணி என்பது கணக்கு. ஆண்டவர் அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் யூதாசின் காலைக் கழுவியிருக்க மாட்டார். யார் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தும் கழுவினார். யூதாஸ் மனம் மாறவில்லை, எழுந்து வெளியே போனான். நீ அன்பாக நடந்தும் ஒருவன் உன் காலை வாரிவிடலாம், ப்ரோமோஷன் இன்னொருவனுக்குப் போகலாம். போகாது என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

நம் சபையில் மட்டும் இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று நீ கேட்பாய், தெரியும். கமிட்டி தேர்தல் வந்தால் எம்.எல்.ஏ. தேர்தல் தோற்றுவிடும். போஸ்டர் ஒட்டாததுதான் பாக்கி. பெரிய வியாழன் அன்று கால் கழுவுகிற ஆராதனைக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்கூடச் சாதிச் சுவர் நிற்கிறது. உனக்குப் பெண் பார்க்க வரன் பக்கத்தைப் புரட்டினால், 'தேவபக்தியுள்ள' என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு நான் எழுதப்போவதில்லை, உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

கடைசியாக அந்த ஹைதராபாத் பையன் விஷயம். ரிலீசில் தப்புப் பண்ணிவிட்டான், மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கிழித்தேன் என்று பெருமையாகச் சொன்னாய். தப்பைத் தப்பு என்று சொல், மூடி மறைக்காதே, அப்ரைசலில் உள்ளதை உள்ளபடி எழுது. ஆனால் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல். எங்கே இடறினான் என்று அவன் வாயாலேயே கேள். தேதி நெருக்கடி நீ ஒப்புக்கொண்டு வந்தது என்றும் சொன்னாய். உன் மேலதிகாரி கேட்கும்போது அந்தப் பங்கை உன் தலையில் வைத்துக்கொள், அவன் தலையில் தள்ளாதே. இதற்கு மேல் உன் ஆபீஸ் விஷயம் எனக்குத் தெரியாது.

பேசிவிட்டு எனக்குச் சொல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவோம், அதற்கப்புறம் கூப்பிடு. எதிர்வீட்டு அக்காவின் மகள் அடுத்த மாதம் மெல்போர்ன் வருகிறாள். பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே சொல், அவளுக்கும் பெட்டியில் எடைக் கணக்கு இருக்கிறது.

அன்புடன்,
அம்மா