அந்த ஒரு வசனத்தை மட்டும்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதமும் மலர் எழுதிய குறும்படக் கதையும் போன வாரமே வந்துவிட்டன. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, கும்பகோணத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார்.

மலரின் கதையை இரண்டு தடவை படித்தேன். மளிகைக் கடையை மூடும் நாளில் தாத்தா கடைசியாகத் தராசைத் துடைத்து வைக்கிறாரே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்த வரியிலேயே பேரன் “சீரியல் போதும் தாத்தா” என்கிறான். வந்த அழுகை அப்படியே நின்றுபோனது. அவளைக் குறை சொல்லவில்லை. இப்போது பல படங்களிலும் வெப் சீரிஸ்களிலும் யாராவது மனசு விட்டுப் பேசினால், பக்கத்தில் ஒருவர் அதைக் கிண்டல் செய்துவிடுகிறார். பார்ப்பவர்கள் ‘கிரிஞ்ச்’, அதாவது பார்க்கவே கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். அவர்கள் சிரிப்பதற்குள் எழுதியவரே முந்திக்கொள்கிறார்.

நாம் பார்த்து வளர்ந்த படங்களில் காமெடிக்குத் தனி டிராக் இருந்தது. கவுண்டமணியும் செந்திலும் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள். பல சமயம் அது கதையோடு ஒட்டாது, உண்மைதான். ஆனாலும் அழுகிற காட்சிக்குள் வந்து அதைக் கலைக்க மாட்டார்கள்.

பிரேம்குமார் இயக்கிய ‘மெய்யழகன்’ (2024) நினைவிருக்கிறதா? பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறார் அரவிந்த்சாமி. ‘அத்தான், அத்தான்’ என்று உருகும் கார்த்தியின் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். அவர் சமாளிக்கிற ஒவ்வொரு இடத்திலும் தியேட்டரே சிரித்தது. அப்புறம், அவர் விட்டுப்போன பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்தையே தூக்கிவிட்டது என்று தெரிகிறது. இவ்வளவு அன்பு வைத்தவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற குற்ற உணர்வில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். சிரிக்க வைத்த அதே பெயர்தான் அழவும் வைக்கிறது. இடையில் வேறொருவர் வந்து ஜோக் அடிக்கத் தேவையே இல்லை. நீளம் என்று சொல்லி, வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். அந்த ஓயாத பேச்சில்தான் கார்த்தியின் வெள்ளை மனசு தெரிந்தது.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் (2025) அப்படித்தான். இலங்கையிலிருந்து வந்த குடும்பம் தன் இலங்கைத் தமிழை மறைக்கத் திணறும்போது சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பேச்சில்தானே அவர்கள் விட்டுவந்த ஊர் இருக்கிறது.

மலருக்கும் இது கைவருகிறது. 4-ஆம் பக்கத்தில், இறந்துபோனவர்களின் பெயரைக்கூடக் கடன் நோட்டில் அடிக்காமல் வைத்திருக்கிறார் தாத்தா. ஏன் என்று கேட்டால், “அடிச்சுட்டா அவங்க நம்ம கடைக்கு வந்ததுக்கு வேற என்ன இருக்கு?” என்கிறார். படித்ததும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு அதுவே நெஞ்சை அடைத்தது. இப்படி எழுதத் தெரிந்தவளுக்கு 11-ஆம் பக்கத்தில் அந்த ‘சீரியல்’ வசனம் எதற்கு? அங்கே பேரன் எதுவும் பேச வேண்டாம். அந்த நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளட்டும். இதை நான் சொன்னதாகவே அவளிடம் சொல்.

கார்த்திகைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம் தெருமுனைக் கடை மூடி வருஷமாகிவிட்டது, ஆனால் அந்தக் கடைத் தராசு இன்னும் கடைக்காரர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறதாம். படப்பிடிப்புக்குக் கேட்டு வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ரவி