நிலாவுக்கு, ஆலிவ் கார்டன் போகும் முன்

அன்புள்ள நிலா,

சனிக்கிழமை ஆபீஸ் தோழிகளோடு ஆலிவ் கார்டன் போகிறாய், மெனுவில் எதில் கறி இருக்கிறது என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தாய். சைவம் சாப்பிடுகிறவர்களும் அங்கே வயிறார சாப்பிடலாம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1982இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் தொடங்கிய இத்தாலியச் சாப்பாட்டுக் கடை அது. இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் சமையலில் அமெரிக்காவின் க்ரீம், சீஸ், கறி எல்லாம் தாராளமாகச் சேர்ந்து வந்த ருசி. ரோமில் ஆல்ஃப்ரெடோ டி லெலியோ என்ற சமையல்காரர் செய்த ஃபெட்டுச்சினியில் (நாடா போன்ற பாஸ்தா) வெண்ணெயும் பார்மசான் சீஸும்தான். அவர் பெயரில் வரும் அமெரிக்க ஆல்ஃப்ரெடோ சாஸில் க்ரீம் சேரும். அதனால்தான் அது அவ்வளவு கெட்டி, நாலு வாய்க்கு மேல் திகட்டும்.

உட்கார்ந்ததும் பிரெட்ஸ்டிக் என்ற நீளமான ரொட்டி வரும். தலைக்கு ஒன்று, மேஜைக்குக் கூடுதலாக ஒன்று என்பது கணக்கு. தீர்ந்தால் கேட்டு வாங்கலாம். 2014இல் ஸ்டார்போர்ட் வேல்யூ என்ற முதலீட்டு நிறுவனம் இந்தக் கடையைப் பற்றி ஏறக்குறைய 300 பக்கத்துக்கு ஒரு அறிக்கை வெளியிட்டது. பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்புப் போடுவதில்லை என்று குறை சொன்னதோடு, பிரெட்ஸ்டிக் ஏழு நிமிடம் தாண்டினால் ருசி கெடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். அது சரியான பேச்சு. சூட்டில் பூண்டு மணத்தோடு மெத்தென்று இருப்பது, ஆறியதும் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அதனால் மொத்தமாக வாங்கி அடுக்காதே. ஒன்றோடு நிறுத்து, அடுத்ததை சூப் வந்த பிறகு கேள். இரண்டு மூன்றை வெறுமனே தின்றுவிட்டால் பாஸ்தா அப்படியே மீந்துவிடும்.

சூப்பில்தான் நீ ஏமாறக்கூடும். பாஸ்தா எ ஃபஜோலியைப் பார்த்தால் பீன்ஸும் தக்காளியுமாகச் சைவம் போலவே இருக்கும், ஆனால் அதில் மாட்டுக்கறிக் கொத்து உண்டு. ஸுப்பா தோஸ்கானாவில் உருளைக்கிழங்கு, கேல் கீரையோடு சாசேஜ். நியோக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை) சூப்பில் சிக்கன். உனக்கு மினஸ்ட்ரோனி மட்டும்தான்: காய்கறி, பீன்ஸ், குட்டிப் பாஸ்தா, தக்காளிச் சாறு. பெரும்பாலான பாஸ்தாவோடு சூப் அல்லது சாலட் எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்ந்தே வரும். பாஸ்தாவே வேண்டாம் என்றால் சூப், சாலட், பிரெட்ஸ்டிக் மூன்றும் சேர்ந்த தனி ஆர்டர் இருக்கிறது. பசி குறைவான நாளில் அதுதான் லாபம். அப்படிக் கணக்கில்லாமல் வருவதை அங்கேயே சாப்பிட வேண்டும், கட்டித் தரமாட்டார்கள்.

சாலட் மேஜைக்குப் பொதுவாக ஒரு பெரிய கிண்ணத்தில் வரும். அதன்மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங்கைத் தனியாகக் கொடுக்கச் சொல். கலந்தே வந்தால் அடியில் இருக்கும் இலையும் வறுத்த ரொட்டித் துண்டும் ஊறி நொளநொளவென்று ஆகிவிடும். மஞ்சள் பச்சையில் நீட்டமாகக் கிடப்பது பெப்பரொன்சினி என்ற ஊறவைத்த மிளகாய். புளிப்புதான், நம் மிளகாய் அளவு காரம் இல்லை. சீஸ் துருவ வருகிறவர் நீ போதும் என்கிற வரை துருவுவார். ஒன்றைத் தெரிந்துகொள்: அசல் பார்மசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியில்தான் உறைய வைப்பார்கள். மற்ற பல இத்தாலியச் சீஸும் அப்படித்தான். அது உனக்கு ஒவ்வாதென்றால் தட்டு வரும் முன்பே சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடு.

பாஸ்தாவில் கறி சேராத தக்காளிச் சாஸுக்கு மரினாரா சாஸ் என்று பெயர் சொல்லிக் கேள். மீட் சாஸும் சிவப்பாகத்தான் இருக்கும். பொரித்த கத்தரிக்காயில் சாஸும் சீஸும் போட்ட கத்தரிக்காய் பார்மிஜானா கேட்டால், கறி பொரிக்கும் அதே எண்ணெயா என்று விசாரித்துக்கொள்.

பில் தனித்தனியாக வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சர்வரிடம் சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் அவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டியிருக்கும். டிப்ஸ் விஷயத்தில் கை இறுக்காதே. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அதே தொகை. பல மாநிலங்களில் அதைவிடக் கூடுதல்தான், ஆனால் எல்லா மாநிலங்களிலும் இல்லை. வரிக்கு முந்தைய தொகையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து இரட்டிப்பாக்கு: 24 டாலருக்கு 4.80. கூப்பன் போட்டிருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய தொகையை வைத்துக் கணக்குப் பார். கூட்டமாகப் போகிறீர்கள், பில்லில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்.

மீந்த ஆல்ஃப்ரெடோவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை, மூன்று நாலு நாள் தாங்கும். பாஸ்தா ஈரத்தைக் குடித்துக் கட்டியாகியிருக்கும். மைக்ரோவேவில் முழுச் சூட்டில் வைத்தால் சாஸ் திரிந்து வெண்ணெய் தனியே மிதக்கும். வாணலியில் இரண்டு மேஜைக்கரண்டி பால் விட்டு, சிறு தீயில் பிரட்டிக்கொண்டே இரு. சாஸ் மறுபடி வழவழப்பாகிப் பாஸ்தாவில் ஒட்டியதும் இறக்கிவிடு, கொதிக்க விடாதே.

அன்புடன்,
அப்பா