கலஹாரியிலிருந்து அம்மாவுக்கு

அப்பிங்டன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். "பிள்ளை பாலைவனத்துல போய்க் கிடக்கானே" என்று அழுதீர்களாமே, தங்கச்சி சொன்னாள். ஒட்டகம் நான் இங்கே ஒன்றுதான் பார்த்தேன். அதுவும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சிலையாக நிற்கிறது. ஒரு காலத்தில் போலீஸ்காரர்கள் ஒட்டகத்தில்தான் ரோந்து போனார்களாம்.

மண்ணைப் பார்த்தால் நம்ம தேரிக்காடு என்றே சொல்வீர்கள். அதே சிவப்பு, அதே இரும்புத் துரு. மேடெல்லாம் புல். நடுநடுவே முள்மரம், நம்ம உடைமரத்துக்குச் சொந்தம். அதில் ஒரு சின்னக் குருவி கூடு கட்டுகிறது பாருங்கள், வைக்கோல் போரைத் தூக்கிக் கிளையில் வைத்த மாதிரி! அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஓட்டைக்கு ஒரு குடித்தனம். நாகப்பாம்பு ஏறி முட்டையைத் தின்றுவிட்டுப் போகும். அப்படியும் காலி செய்வதில்லை, தலைமுறை தலைமுறையாக அதே கூடுதான்.

ஊரை ஒட்டி ஆரஞ்சு ஆறு ஓடுகிறது, இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம். மழைதான் இல்லை. தூத்துக்குடியிலேயே வருஷத்துக்கு 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். இங்கே 200-ஐத் தொடாது. 250-க்குக் கீழே பெய்தால் பாலைவனம் என்பது புவியியல்காரர்கள் கணக்கு. அதன்படி பனி மூடிய அண்டார்டிகாவும் பாலைவனம்! ஆனால் கலஹாரியில் இவ்வளவு புல்லும் மரமும் இருப்பதால் பெரும்பகுதியை அரைப்பாலை என்றுதான் சொல்கிறார்கள்.

நம்ம கணக்கு வேறு, தங்கச்சியைக் கேளுங்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் பாலை என்கிறார் இளங்கோவடிகள். அப்புறம், சங்கப் பாட்டில் பாலை என்றால் பிரிவு. பணம் தேடிப் போனவன் வழியில் கஷ்டப்படுவான், வீட்டில் இருப்பவர்கள் புலம்புவார்கள். உங்கள் பங்கை நீங்கள் குறைவில்லாமல் செய்கிறீர்கள்!

சோலார் பிளாண்ட்டில் என்னோடு டர்பன் நகரத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1860-க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பம். தமிழ் சரளமாக வராது, ஆனால் பாட்டியை ஆயா என்பார், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். கடலோரத்தில் வளர்ந்தவர். அவரைப் பொறுத்தவரை நல்ல மீன் கிடைக்காத ஊரெல்லாம் பாலைவனம். எனக்கும் அதில் மறுப்பில்லை.

பகலில் வெயில் நாற்பதைத் தாண்டும் மாதங்களில் வெளிவேலையை விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறோம். ஜூலை ராத்திரியில் தண்ணீர் உறையும், அதனால் ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். யாராவது வந்தால் உடன்குடிக் கருப்பட்டி கொடுத்துவிடுங்கள், டர்பன் அண்ணனுக்கும் சேர்த்து. மோட்டார் ரிப்பேருக்குப் பணம் அடுத்த வாரம் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்