ஒரு வாரம் இருக்கிற மாதிரி வா

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பாவும் இல்ல. அந்தக் குளிர்ல தனியா எதுக்கும்மா? வீட்டை வித்துட்டு சிட்னிக்கு வந்துடு" என்றாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் போனில் பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், நீயும் கலங்கிப்போவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? 2004-ல் நாம் பாலரட்டுக்கு வந்த முதல் டிசம்பர் லீவில், பழைய தங்கச் சுரங்க ஊர் மாதிரியே அமைத்திருக்கிற சவரின் ஹில்லில் நீ சலித்து எடுத்தது. ஓடைக்கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, தட்டில் மண்ணை அள்ளித் தண்ணீரில் சுழற்றிக்கொண்டே இருந்தாய். கூழாங்கல் போனது, மணல் போனது, கடைசியில் தட்டின் ஓரத்தில் கறுப்பு மணல் ஒரு கோடாக நின்றது. அதற்குள் கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இராது, ஒரு மினுக்கு. அப்பா விரல் நுனியை நனைத்து அதை ஒற்றியெடுத்துக் குப்பிக்குள் விட்டார். இதே ஊரில், பேக்கரி ஹில்லில், 1858 ஜூனில் ஏறக்குறைய 69 கிலோவுக்கு ஒரே தங்கக் கட்டி கிடைத்தது என்று அவர் சொன்னபோது நீ நம்பவில்லை. உன் தம்மாத்தூண்டு தங்கம்தான் பெரியது என்று சண்டை போட்டாய்.

இப்போதெல்லாம் நீ இரண்டு நாளுக்குத்தான் வருகிறாய். குழந்தைகளைச் சவரின் ஹில்லுக்குக் கூட்டிப் போகிறாய், குதிரை வண்டி, மெழுகுவத்திக் கடை, திரும்பி விடுகிறாய். நல்ல இடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது ஊர் எப்படி இருந்தது என்று காட்டுகிற இடம். ஊர் லிடியார்ட் தெருவில் இருக்கிறது. 1862-ல் ரயில் வந்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், தங்கப் பணத்தில் எழும்பிய பேங்குகளும் ஓட்டல்களும் இரண்டு பக்கமும் நிற்கும். 1875-ல் கட்டிய தியேட்டரில் இன்னும் நாடகம் போடுகிறார்கள்.

அப்பா முதலில் தேடிப் படித்தது தங்கம் தேடி வந்த சீனர்களைப் பற்றி. 1855-ல், கப்பலில் வரும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுண்டு வரி என்று நம் விக்டோரியாவில் சட்டம் போட்டார்கள். அந்த வரிக்குத் தப்ப, கப்பல்கள் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற துறைமுகத்தில் ஆட்களை இறக்கின. அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் நடை. காவடி மாதிரி தோளில் கம்பு, இரண்டு பக்கமும் மூட்டை. ஆயிரக்கணக்கான பேர் அப்படி நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். இதைப் படித்த அன்று அப்பா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நாம் விமானத்தில் வந்தவர்கள்தான், ஆனாலும் அவருக்கு அது யாரோ அந்நியருடைய கதையாகப் படவில்லை. எனக்கும்தான்.

யுரேகா கொடியையும் குழந்தைகள் பார்க்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள், அவசரப்படாமல் நின்று பார்க்கணும். வெளிறிய நீலம், வெள்ளைச் சிலுவை, ஐந்து நட்சத்திரம். நினைவுக்கென்று ஆள் ஆளுக்கு வெட்டியெடுத்ததில் ஒரு பக்கம் கந்தலாகிவிட்டது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லைசென்ஸ் கட்டச் சொன்னதை எதிர்த்து 1854-ல் தங்கம் தோண்டியவர்கள் அந்தக் கொடிக்குக் கீழே நின்றார்கள். டிசம்பர் 3 விடியற்காலையில் படை வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த வருடமே அந்த லைசென்ஸ் ஒழிந்தது. வருடத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் போதும், ஓட்டுரிமையும் உண்டு என்றானது.

இதற்கெல்லாம் முன்னால் இது வாடவரங் பூர்வகுடி மக்களின் நிலம். ஊர்ப் பெயரே அவர்களுடைய சொல்தான். முழங்கையை ஊன்றிச் சாய்ந்து இளைப்பாறும் இடம் என்று அர்த்தம் சொல்கிறார்கள்.

தங்கம் இந்த மண்ணில் விஷத்தையும் விட்டுப்போயிருக்கிறது. தங்கப் பாறையில் ஆர்சனிக் உண்டு. அதை இடித்துச் சலித்த கழிவு மண் ஊரில் பல இடங்களில் கிடக்கிறது. நேராகத் தரையில் கீரை போடாதீர்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா வந்த புதிதிலேயே சொன்னார். அப்பா மரப்பெட்டி அடித்து, வெளியிலிருந்து மண் வாங்கி நிரப்பினார். இன்றைக்கும் அந்தப் பெட்டியில்தான் கொத்தமல்லி கிள்ளுகிறேன். கறிவேப்பிலைத் தொட்டி உறைபனிக்குப் பயந்து ஹாலில் ஜன்னலோரம் நிற்கிறது.

அப்புறம் வெண்டூரி ஏரி. 1956 ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடந்த ஏரி, 2006-ல் சுத்தமாக வற்றிப்போனது உனக்கு நினைவிருக்கும். பாளம் பாளமாக வெடித்த தரையில் நீ சைக்கிள் ஓட்டினாய். அப்பா மட்டும் ஒரு நாளும் விடாமல் கரையைச் சுற்றினார். ஆறு கிலோமீட்டர். தண்ணீர் இல்லாத ஏரியை எதற்குச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். வரும் என்றார். நாலைந்து வருடத்தில் மழை பெய்து நிரம்பியது, கறுப்பு அன்னங்களும் வந்தன. கடைசி வருடம் அவரால் முழுச் சுற்று முடியவில்லை. மூன்றாவது பெஞ்சு வரைக்கும் நடந்து உட்காருவோம். இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். அந்தப் பெஞ்சு வந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மீதிச் சுற்றையும் நடந்து முடிக்கிறேன்.

வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, கண்ணா. ஜூலை லீவில் குழந்தைகளோடு ஒரு வாரம் இருக்கிற மாதிரி வா. என்னோடு ஏரியைச் சுற்று. அதற்குப் பிறகு இதே கேள்வியைக் கேள், பதில் சொல்கிறேன்.

குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை, காதை மூடுகிற தொப்பி எடுத்துவரச் சொல்லி மருமகளிடம் சொல். மெல்பர்னில் ரயில் ஏறியதும் போன் பண்ணு. ஸ்டேஷனில் நிற்பேன்.

அன்புடன்,
அம்மா